மாப்பிள்ளையை அடிக்காத அசுரன்

போன ஞாயிறு குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம். போலீஸ்காரர் கயிறு கட்டி நிறுத்திவிட்டார். தலையில் தேய்த்த எண்ணெயோடு தென்காசிக்கே திரும்பினோம் — நான், அம்மா, தங்கை சிவகாமி, அவளைக் கட்டி ஒரு மாதமே ஆன மாப்பிள்ளை.

மாப்பிள்ளை கப்பல் இன்ஜினியர். மறுநாள் கிளம்பினால் எட்டு மாதம் கடல். அவர் பெட்டியில் ஓர் அமெரிக்க விளையாட்டு இருந்தது. ஆளுக்கு ஒரு வீரன். எல்லோரும் குகைக்குள் போகிறார்கள். ஒருவர் மட்டும் ஆடாமல் கதை சொல்லி நடத்த வேண்டும். எதிரே வரும் அசுரனுக்காகவும் அவரே காய் உருட்ட வேண்டும். தாயக்கட்டை மாதிரிதான், ஆனால் இருபது முகம்! பெரிய எண் விழுந்தால் வெட்டு விழுந்தது என்று அர்த்தம்.

நடத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. பத்தி எழுதுகிறவனுக்குக் கதை வராதா என்ன?

சிவகாமி என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"அண்ணே, அவிய ஒரு மாசமா நம்ம வீட்ல விருந்தாளியாவே இருக்காவ. இப்படியே கப்பல் ஏறிட்டாவன்னா எனக்கு மனசு ஆறாது. இன்னைக்காவது சந்தோசமா இருக்கட்டும்."

கண் கலங்கியிருந்தாள். எனக்கும் சங்கடமாகிவிட்டது. ஒரு மனுஷனைச் சந்தோஷப்படுத்துவது என்ன பெரிய வித்தையா?

நடத்துகிறவர் காயை மற்றவர்கள் பார்க்கக் கூடாதாம். கல்யாண ஆல்பத்தைத் தடுப்பாக நிறுத்தினேன்.

அசுரன் வந்தான். ஒரே போடு... அம்மாவின் வீரன் காலி. அடுத்த வெட்டில் சிவகாமியின் வீரன். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். காயில் பத்தொன்பது.

"தப்பிச்சிட்டீங்க மாப்ளே" என்றேன்.

அடுத்து பதினெட்டு. அதற்கும் தப்பினார். புது மாப்பிள்ளை மேல் கை வைக்க எந்த அசுரனுக்கு மனசு வரும்? கடைசியில் அவன் கால் இடறி, தன் வாளின் மேலேயே விழுந்து செத்தான்.

அம்மா கை தட்டினாள். மாப்பிள்ளை தட்டவில்லை. ஆல்பத்தை மெல்ல எடுத்தார். காயில் இருபது.

"மச்சான், பந்தியில முதல் இலை போட்டீங்க, சரி. ஃபேனுக்கு நேரா சேர் போட்டீங்க, சரி. சண்டையிலயுமா மரியாதை? அத்தை ஆளு செத்தாச்சு, இவ ஆளு செத்தாச்சு... நான் மட்டும் வேடிக்கை பாக்கணுமா?"

வெட்கமாகப் போய்விட்டது.

மறுபடி ஆரம்பித்தோம். தடுப்பு கிடையாது. முதலில் ரெண்டு சில்லறை அசுரர்கள் — கை பழகட்டும். அப்புறம் மூச்சு வாங்க ஒரு சுனை. அதற்கும் பிறகுதான் பெரியவன். ஒரே போட்டில் யாரும் சாகாதபடி அவன் பலத்தைப் பாதியாக்கினேன். ஆனால் விழுந்த வெட்டு விழுந்ததுதான். யாருக்கும் சலுகை இல்லை.

மாப்பிள்ளையின் வீரனுக்கு உயிர் ஊசலாடியது.

"ஏலே, மாப்பிள்ளைய அடிக்காத! ஊர்ல என்ன பேசுவாவ?" என்று அம்மா கத்தினாள்.

"சும்மா இருங்க அத்தை! நீங்க அவன் காலை வெட்டுங்க! ஏட்டி, நீ பின்னால போ!" மாப்பிள்ளை சேரை விட்டிறங்கித் தரையில் முட்டி போட்டிருந்தார்.

அம்மா உருட்டினாள். இருபது! அசுரன் சாய்ந்தான். சாய்கிற வேகத்தில் கடைசியாக ஒரு வெட்டு... மாப்பிள்ளையின் வீரனும் போய்ச் சேர்ந்தான்.

"கொன்னுட்டீரே, படுபாவி!" மாப்பிள்ளை தரையில் புரண்டு புரண்டு சிரித்தார். பிறகு எழுந்தார். யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போய், முறுக்கு டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். சிவகாமி என்னைப் பார்த்த பார்வைக்கு நூறு அருவிக் குளியல் ஈடாகாது.

மாப்பிள்ளையை அடிக்கலாம். அளவு தெரிந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.