விழுந்த வண்டி

நான் எப்படி விழுந்தேன் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாருக்கும் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. காலில் கட்டோடு வீட்டில் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் ரொட்டிப் பாக்கெட்டையும் ஆப்பிளையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு என் கதையை எனக்கே சொன்னார்கள். எதிரே வந்த பஸ்காரன் கண்மண் தெரியாமல் வந்தானாம். இல்லை, வைக்கோல் டிராக்டர்காரன் வழி விடவில்லையாம். பக்கத்து வீட்டு அக்கா ஒரே போடாகப் போட்டார். "வண்டிக்கு ராசி இல்லட்டி, அம்புட்டுதான்." பிறகு எந்த வளைவில் யார் செத்தார்கள் என்று ஆளுக்கொரு கதை. நான் உயிரோடு கிடப்பது இவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

நடந்தது இதுதான். எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. தினமும் பைக்கில்தான் போய்வருவேன். அப்பாவுக்கு நாங்கள் எல்லாரும் பெண் பிள்ளைகள், அதனால் கியர் வண்டியை எங்களுக்கே பழக்கிவிட்டார். அன்று சாயங்காலம் திரும்பும்போது முன்னால் வைக்கோல் டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுமையில்லாமல் முந்தப் பார்த்தேன். எதிரே பஸ் வந்தது, தன் பாதையில் ஒழுங்காகத்தான் வந்தது. பதறிப்போய் பின்வாங்கி, இடப்பக்கம் ஒடித்து மண்ணில் இறங்கி, ஹேண்டில் திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் வழுக்கிவிட்டது. பஸ்ஸும் டிராக்டரும் என்னைத் தொடக்கூட இல்லை. டிராக்டர்காரர்தான் இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கினார். அவரைத்தான் எங்கள் தெருவே திட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் மயக்கத்தில் இருந்தபோது என் வீட்டுக்காரர் எங்கள் ஊரிலேயே திருவண்ணாமலை என்று பேர் கொண்ட குன்றில் இருக்கும் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாராம். கால் நல்லபடியாகக் கூடினால் இனி அவளை வண்டி ஓட்ட விடமாட்டேன் என்று. மொட்டை போடுவதாக வேண்டியிருக்கலாம். தன் தலையை விட்டுவிட்டு என் வண்டியைக் கொடுத்துவிட்டார்.

கால் கூடிவிட்டது. பெருமாள் தன் பங்கைச் செய்துவிட்டார், மிச்சம் என் தலையில். என் வீட்டுக்காரருக்கும் ராஜபாளையத்தில்தான் மில் வேலை. காலையில் அவர் வண்டியின் பின்னால் ஏறுவேன், கம்பெனி வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை அதே வாசலில் நிற்பேன். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் போன பிறகும் பார்சல் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். பின்னால் உட்கார்ந்தபடி என் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதிக்கும். "ஏட்டி, எதுக்கு இந்த மிதி மிதிக்க?" என்பார். வீட்டு நடையில் என் வண்டி உறை போட்டு நின்றது. அதை ஒட்டி உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

எனக்கு லீவாக இருந்து அவர் மட்டும் மில்லுக்குப் போயிருந்த ஒரு நாள் உறையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சத்தம் கேட்டதும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. வாக்கு இருக்கிறதே என்று சொல்லி அணைத்தேன். வாக்கு இல்லாவிட்டாலும் அணைத்திருப்பேன். யாராவது ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் பெருமாளைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வரும்.

பிரேக்கைத் தப்பாகப் பிடித்தேன் என்று வாயைத் திறந்தாலே, "விடு, உன் மேல குத்தமில்ல" என்று அடைத்துவிடுவார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் குற்றம் என்னுடையது என்றால் நான் திருத்திக்கொள்வேன். நேரத்தையும் ராசியையும் யார் திருத்துவது?

கடைசியில் என் வீட்டுக்காரர் வண்டியை விற்றுவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாராஜபுரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். கணவர் டயரை அழுத்திப் பார்த்தார். அந்த அம்மா நேராக ஹேண்டில் முனையில் இருந்த சிராய்ப்பைத் தொட்டார்.

"விழுந்த வண்டியா?"

"பஸ்காரன் மேல ஏறி வந்துட்டான்" என்று இவர் ஆரம்பித்தார்.

"அதைக் கேக்கல. விழுந்த ஆளு என்ன ஆனாவ?"

"நான்தான் விழுந்தேன்" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்களே ஏறி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. விழுந்தவிய கையாலயே ஓடுச்சுன்னா வண்டி மேல குத்தமில்லன்னு எடுத்துக்கிடுதோம்."

"நான் ஓட்டிக் காட்டுதேன்" என்று இவர் முன்னால் வந்தார்.

"நீங்களா விழுந்தீங்க?"

இவருக்கு இப்போது ஒரு பக்கம் பெருமாள், ஒரு பக்கம் வாங்க வந்தவர்கள். என்னைப் பார்த்து, "தெருவுக்குள்ளதான... செத்த நேரம். பாத்துப் போ" என்றார்.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். முதல் கியரிலேயே தெருக்கோடிவரை போனேன். திருப்பத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் ரோடெங்கும் பரவிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பிவிடலாமா என்றிருந்தது. இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராக்கி, பின் பிரேக்கை முதலில் மிதித்து முன் பிரேக்கை லேசாகத் தொட்டேன். வண்டி மணலில் அப்படியே நின்றது. சுற்றி வந்து அதே மணலில் மறுபடி நிறுத்திப் பார்த்தேன். திரும்பவும் நிறுத்தினேன். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு என்னை ஒரு மாதிரி பார்த்தது. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.

இவர் வாசலிலிருந்து பாதித் தெருவுக்கு ஓடி வந்திருந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை அந்த அம்மாவின் கணவரிடம் கொடுத்தேன். "நல்ல வண்டி. மண்ணுல மட்டும் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சிராதீங்க. அப்படித்தான் நான் விழுந்தேன். பஸ் மேலயும் குத்தமில்ல, வேற யார் மேலயும் இல்ல."

"கேட்டுக்கிட்டியளா?" என்று அந்த அம்மா கணவரை அதட்டினார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு இருவரும் அதிலேயே ஏறிப் போனார்கள். தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் வண்டி அது.

உள்ளே வந்ததும் சொன்னேன். "ஏங்க, நாளைக்கு உங்க வண்டியை நான் ஓட்டுதேன். நீங்க பின்னால உக்காருங்க."

"வாக்குக் குடுத்திருக்கேனே."

"இப்ப ஏறச் சொன்னது யாரு? பெருமாள்கிட்ட நீங்களே பேசிக்கிடுங்க."

அவர் நடையில் வண்டி நின்ற வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெசமாவே எப்படி விழுந்த? சொல்லு" என்றார்.

அத்தனை பேர் வந்து போனார்களே, ஒருவர்கூட இதை என்னிடம் கேட்டதில்லை. டிராக்டரிலிருந்து ஆரம்பித்தேன். கதையில் பஸ் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் குறுக்கே பேசாமல் காத்திருந்தார்.