ஓகுரா பேசியது புரியாத காலை

கோவை கணபதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஷ்ரவ்யா ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். பீளமேட்டில் கல்லூரியில் படித்தபோது மாலை வகுப்பொன்றில் விளையாட்டாகக் கற்க ஆரம்பித்த மொழி. தேர்வுகள் சிலவற்றில் தேறினாள், வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அவள் ஜப்பானைப் பார்த்ததில்லை. வாசித்தால் புரியும், நிதானமாகப் பேசினால் புரியும். யாராவது வேகமாகப் பேசினால் பாதி நழுவிவிடும். புரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, ஆமாம் என்பதற்கான "ஹாய், ஹாய்" சொல்லித் தலையாட்டிவிட்டு, பிறகு முன்பின் வார்த்தைகளை வைத்து அர்த்தத்தை ஊகித்துக்கொள்வாள். கூட்டங்களைத் தன் போனில் பதிவுசெய்து, பேருந்தில் காதில் மாட்டிக் கேட்டபடியே வீடு போவாள்.

அவள் அம்மா வெங்கடலட்சுமிக்கு இது பிடிக்கவில்லை. "தூக்கத்தில்கூட ஏதோ பாஷையில் பேசுகிறாய்" என்று தெலுங்கில் திட்டுவாள்.

அவள் மொழிபெயர்த்தது ஒரே ஒருவருக்குத்தான். ஓகுரா, ஐம்பத்தேழு வயது, ஒசாகா பக்கத்து ஊர்க்காரர். பம்ப் உறைகளின் வார்ப்பில் வரும் குறைகளைச் சரிசெய்ய இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். பீளமேட்டில் பாலுசாமி என்பவரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருந்தார். மனைவி நோரிகோ ஜப்பானில் வேலையில் இருந்தார்.

வெளிநாட்டில் தனியாக இருப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் தொழிற்சாலைக்கு மட்டும் அல்ல. கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும், தண்ணீர் கேன் வராவிட்டாலும், முடிவெட்டும் கடையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தாலும் போன் ஷ்ரவ்யாவுக்குத்தான் வரும். குடியிருப்புப் பதிவுக்கு அவரோடு வரிசையில் நின்றவளும் அவள்தான். அவிநாசி ரோட்டைக் கடக்க அவருக்குக் கடைசிவரை பயம். தெருநாய்களுக்கும் பயம். மே மாத வெயிலில் மின்சாரம் போனால் நனைத்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் "தைஜோபு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் "பரவாயில்லை" என்றும் பொருள், "வேண்டாம்" என்றும் பொருள், "என்னைப் பற்றிக் கவலைப்படாதே" என்றும் பொருள். எது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி சுமாருக்கு ஷ்ரவ்யா பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். கூட்டம், நடத்துநரின் விசில் சத்தம். அவர் நீளமாக ஏதோ சொன்னார். "தண்ணீர்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் வாய்க்குள் ஏதோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. ஊர்ப்பக்கத்து வழக்கில் பேசுகிறார் போலிருக்கிறது, நமக்குத்தான் பிடிபடவில்லை என்று நினைத்தாள். மோட்டார் ஓடவில்லை என்கிறாரோ?

"ஹாய், நான் வீட்டுக்காரரிடம் சொல்கிறேன்" என்றாள்.

பிறகு "தைஜோபு" என்றார். அதுவும் முழுசாக வரவில்லை. போன் துண்டிக்கப்பட்டது.

அவள் பாலுசாமியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கி, தொழிற்சாலைக்குள் போய், வேலையில் மூழ்கிவிட்டாள்.

ஒன்பதரைக்கும் மேல் பாலுசாமியே கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நம்ம ஜப்பான்காரரு குளிக்கற ரூம்புகிட்ட உழுந்து கெடக்கறாருங்க. கண்ணு முழிச்சிருக்கு. பேச்சு வரமாட்டீங்குது. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்குதுங்க. வெரசா வாங்க."

நிர்வாக அதிகாரி சுரேந்தர் காரை எடுத்தார். மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டதாகப் பாலுசாமி மறுபடி கூப்பிட்டுச் சொல்ல, அவர்கள் வழியிலேயே திரும்பி நேராக அங்கே போனார்கள். பாலுசாமி தன் காரிலேயே ஓகுராவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் வலது கை துணிபோலத் தொங்கியது. அவளைப் பார்த்ததும் அவர் கண்களில் நீர் முட்டியது. ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

நரம்பியல் மருத்துவர் கோபாலசாமி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நின்றவாக்கிலேயே கேட்டார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புங்க. கரைக்கறதுக்கு ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போடமுடியும். நேரந்தவறிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சுபோகும். கடைசியா இவரு நல்லாப் பேசுனது எப்ப? யாரு பேசுனீங்க?"

சுரேந்தர் ஷ்ரவ்யாவைப் பார்த்தார். "எட்டு மணிக்கு உங்கிட்டப் பேசுனாருன்னு சொன்னியே கண்ணு. அதானுங்க டாக்டர், எட்டு மணிக்கு நல்லா இருந்திருக்காரு."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். புரியாமல் தலையாட்டுவது அவளுக்குப் பழக்கம்தானே. எட்டு மணிக்கே அவர் குழறினார், உதவி கேட்டார், நான் புரிந்ததுபோல நடித்து விட்டுவிட்டேன் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஆனால் மருத்துவர் தப்பான நேரத்தை வைத்துக்கொண்டு ஊசி போட்டுவிட்டால்?

"இல்லைங்க" என்றாள். தன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. "எட்டு மணிக்கே நல்லா பேசலைங்க. எனக்குத்தான் அவரு பாஷை புரியலைன்னு நெனச்சுட்டேன். வாய் அப்பவே குழறுச்சுங்க. நான்... நான் சரின்னு சொல்லி வெச்சுட்டேன்."

சுரேந்தர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அப்ப அதுக்கு முன்னாடி? அதுக்கு முன்னாடி நல்லா இருந்ததை யாராச்சும் பார்த்தீங்களா? இல்லைன்னா நேத்து ராத்திரியில இருந்துதான் கணக்கு. ஊசி போட முடியாது."

சுவரோரம் நின்றிருந்த பாலுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் பார்த்தனுங்க. ஏழு மணிக்கு நடந்துபோட்டு வந்தாருங்க. கேட்டுத் தாழ்ப்பாளை வலது கையாலதான் போட்டாரு. 'வணக்கம் பாலுசாமி சார், மழை வருது'ன்னு தமிழ்லயே சொன்னாருங்க. நல்ல தெளிவா."

"ஏழு மணி. உறுதியா?"

"பால்காரன் வந்த நேரமுங்க. உறுதி."

மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமிருக்கு. ஆனா நிறைய இல்லை. வீட்டம்மாகிட்டப் பேசுங்க. கெடைக்கவே இல்லைன்னா நாங்க ரெண்டு டாக்டரா முடிவெடுப்போம். கெடைக்கற ஆளைக் கேக்காம செய்யறது நல்லதில்லை."

நோரிகோவின் எண்ணுக்கு சுரேந்தர் கூப்பிட்டார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. தெரியாத வெளிநாட்டு எண்ணை அவர் எடுக்கமாட்டார் என்று ஷ்ரவ்யாவுக்குத் தோன்றியது. ஜனவரியில் நோரிகோ கோவை வந்திருந்தபோது, ஒப்பணக்கார வீதியில் புடவை வாங்கிய படங்களை அனுப்பிக்கொள்ள இருவரும் ஒரு செயலியில் இணைந்திருந்தார்கள். அதில் எழுதினாள். அவசரத்தில் எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. மருத்துவமனை, ஓகுரா, தயவுசெய்து எடுங்கள்.

உடனே போன் அலறியது.

இனி அவள் சொல்வதுதான் அந்தப் பெண்ணுக்குச் செய்தி. பின்னால் வேறு யாரும் திருத்தித் தரமாட்டார்கள். ரத்தக்கட்டுக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாடத்தில் வந்திருக்கும், மறந்திருக்கும். தெரிந்ததெல்லாம் பம்ப் தொழிற்சாலைச் சொற்கள். குழாய், அடைப்பு, அழுத்தம், கசிவு. அவற்றை வைத்தே சொன்னாள். தலைக்குப் போகும் குழாயில் ரத்தம் கெட்டியாகி அடைத்துக்கொண்டது. கரைக்க மருந்து உண்டு. கரைக்கும் மருந்தினாலேயே வேறிடத்தில் கசியலாம். கசிந்தால் உயிர் போகலாம். மருந்து போடாவிட்டால் கையும் பேச்சும் திரும்பாமல் போகலாம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டாள். நோரிகோ ஒவ்வொரு முறையும் மெல்ல "ஹாய்" என்றார். ஷ்ரவ்யாவுக்கு அந்த "ஹாய்" நன்றாகத் தெரியும். தானே ஆயிரம் முறை சொன்னது. அதைக் கேட்கக் கேட்கப் பயம் கூடியது.

பிறகு நோரிகோ கேட்டார்: "அந்த மருத்துவரின் சொந்த அண்ணனாக இருந்தால் அவர் என்ன செய்வார்?"

அவள் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"போடச் சொல்லுவேனுங்க. பயந்துட்டேதான் சொல்லுவேன். அதையும் சேர்த்தே சொல்லுங்க."

அதையும் சேர்த்தே சொன்னாள். எதிர்முனையில் மூச்சுச் சத்தம். பிறகு, "ஒனெகாய்ஷிமாசு."

கடையில் காய் வாங்கும்போதும் சொல்லும் வார்த்தை அது. "பார்த்துச் செய்யுங்கள்" என்பதுபோல. மற்ற நாளாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். கணவன் சாகக்கிடக்கும் பெண்ணிடம் மறுபடி கேட்பது அந்த மொழியில் எவ்வளவு மரியாதைக்குறைவு என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"மன்னியுங்கள். ஊசி போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

"போடுங்கள்" என்றார் நோரிகோ. "போடுங்கள்."

ஊசி ஏறியது. எல்லாம் முடிந்தது என்று ஷ்ரவ்யா வெளியே போய் ஒரு நாற்காலியைத் தேடினாள். அதற்குள் நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள். அடிக்கடி அவரைப் பேசவைத்துப் பார்க்க வேண்டும். பேச்சு மோசமானால் உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

"அவரு பேசறது தெளிவா இருக்கா இல்லையான்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் கோபாலசாமி. "நீங்கதான் சொல்லோணும்."

அதுதான் அந்த நாளின் மிகக் கொடிய வேலை. அவர் ஏதாவது முனகினால், குழறுவது அவர் நாக்கா, என் காதா? காலையில் தப்பாக எடைபோட்டது இதே காதுதானே. பக்கத்தில் மானிட்டர் கீச்சிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னாள். பாதி வந்தது. அது முன்பைவிட நன்றாக இருக்கிறதா, மோசமா? அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் பயம், தெரியும் என்று சொல்லவும் பயம்.

அப்போதுதான் போனிலிருந்த பதிவுகள் நினைவுக்கு வந்தன. போன வாரக் கூட்டத்தில் ஓகுரா பேசியது அதில் இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு, ஒரு சொல்லை அங்கே கேட்டாள். அதே சொல்லை அவரைச் சொல்லச் சொன்னாள். "கசிவு" என்ற சொல், "நாளை" என்ற சொல், "ஷ்ரவ்யா-சான்" என்று அவளை அழைத்த விதம். இப்போது ஒப்பிட ஒன்று கிடைத்தது. "போன தடவையைவிடக் கொஞ்சம் பரவாயில்லைங்க" என்று நர்ஸிடம் துணிந்து சொல்ல முடிந்தது.

மாலை மயங்கும் நேரத்தில் அவர் திடீரென்று நெற்றியைச் சுருக்கினார். இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நர்ஸ் ஓடினாள். ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் தடதடக்க அவரை மறுபடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சுரேந்தர் நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றார். பாலுசாமி வாங்கிவந்த டீ யாரும் வாங்காமல் அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. ஷ்ரவ்யாவின் போனில் நோரிகோவிடமிருந்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன: விமானச் சீட்டு கிடைத்துவிட்டது, சிங்கப்பூர் வழி, அவர் எப்படி இருக்கிறார்? என்ன பதில் எழுதுவது? ஊசியைப் போடச் சொன்னது அந்தப் பெண். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்கியது நான். அவர் போய்விட்டால், வாழ்நாள் முழுக்க அந்தப் பெண்ணின் காதில் என் குரல்தான் கேட்கும். ஷ்ரவ்யா போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்து கோபாலசாமி வந்தார்.

"கசிவு இல்லைங்க. மருந்துக்கு வாந்தி வந்திருக்கு, அவ்வளவுதான். எழுதுங்க அந்தம்மாவுக்கு."

ஷ்ரவ்யாவால் எழுத முடியவில்லை. பாலுசாமி அவள் தோளைத் தொட்டு, "உக்காருங்க அம்மணி, அழுதுபோட்டு எழுதுங்க" என்றார்.

ஓகுரா பிழைத்தார். ஆனால் முழுதாக அல்ல. பேச்சு சில நாட்களில் பெரும்பாலும் திரும்பியது. வலது கை விரல்கள் திரும்பவில்லை. நோரிகோ வந்து, ஒரு மாதம் போல அதே பீளமேட்டு வீட்டில் தங்கிச் சமைத்துப்போட்டு, அவரை அழைத்துக்கொண்டு போனார். ஒரு மதியம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அன்று காலை போனில் தான் செய்த பிழையை ஷ்ரவ்யா அவரிடம் சொன்னாள். நோரிகோ கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். கோபப்படவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அவர் எனக்கும் போன் செய்திருந்தார். நான் வேலையில் இருந்தேன்" என்றார்.

அம்மா வேலையை விடச் சொன்னாள். ஷ்ரவ்யா விடவில்லை. அக்டோபரில் ஓகுராவின் இடத்துக்கு ஜப்பானிலிருந்து ஓர் இளைஞர் வந்தார், படபடவென்று பேசுபவர். முதல் கூட்டத்தில், முதலாளி முன்னிலையிலேயே, அவள் அவரை நிறுத்தினாள்.

"எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்."

அவர் மறுபடி சொன்னார். அப்போதும் பாதிதான் புரிந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் முறையும் கேட்டாள்.