பாதி கறுப்பு, பாதி வெள்ளை

புதுக் கேம் சிடியின் பெட்டியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறினால் ஒரு வாசனை வரும். மற்றவர்களுக்கு அது பண்டிகை வாசனையாக இருந்திருக்கலாம். எனக்கு அது என் அப்பா ஊரை விட்டுப் போன வாசனை.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்காமல் ஒரு ரோலையும் மேசையில் ஏற்றவிட மாட்டார். கம்பெனி மூடிய பிறகு அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எத்தியோப்பியாவுக்குப் போனார்கள், அங்கே நம் ஊர் மாஸ்டர்களுக்கு அப்படியொரு கிராக்கி. அப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் போகாமல், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடியோ கேம் கடை போட்டார். கடை ஓடினால் அப்பா வீட்டில் இருப்பார், ஓடாவிட்டால் விமானம் ஏறிவிடுவார். ஏழாம் வகுப்பில் இருந்த எனக்கு உலகத்தில் இதைத் தவிர வேறு கவலை இல்லை.

அப்போது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகளில் இரண்டு கம்பெனிகளுடையவை போட்டி போட்டுக்கொண்டிருந்தன. கடைப் பேச்சில் ஒன்று "கறுப்பு", இன்னொன்று "வெள்ளை". பெட்டி செய்கிற கம்பெனி தன் பெட்டிக்கு மட்டுமே போடும் கேம்கள் உண்டு. பெட்டியே செய்யாத வெளிக் கம்பெனிக்காரர்கள் ஒரே கேமை இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனிச் சிடியாகப் போட்டு விற்பதும் உண்டு. வருஷா வருஷம் வரும் கால்பந்து கேம் இந்த இரண்டாவது வகை. கறுப்புச் சிடி வெள்ளையில் ஓடாது, வெள்ளைச் சிடி கறுப்பில் ஓடாது.

பனியன் கம்பெனிகளில் தீபாவளி போனஸ் போடுகிற வாரம்தான் திருப்பூர்க் கடைகளுக்கு உயிர். அந்த வருடம் கால்பந்து கேம் போனஸுக்குச் சற்று முன்னால் வந்தது, அப்பா துணிந்து கையிலிருந்த பணத்தையெல்லாம் அதில் போட்டார். ஒரே டீ-சர்ட்டை இரண்டு கலரில் தைத்தால் பாதி இது, பாதி அது என்று அட்டைப்பெட்டியில் அடுக்குவதுதான் அவர் கை பழகிய "ரேஷியோ". கோயமுத்தூர் மொத்த வியாபாரியிடமும் அதையே சொன்னார். "ஒரே கேம்தானுங்க, கலர்தான் வேற. பாதி கறுப்பு, பாதி வெள்ளை போட்ருங்க." விற்காததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று வியாபாரி சொன்னதற்கும் அப்பா தலையாட்டிவிட்டார். இரண்டு பெட்டிகளும் எங்கள் கடையில் ஏறக்குறையச் சமமாகவே விற்றிருந்ததால் எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

போனஸ் போட்ட மறுநாளே கறுப்பு காலி. கேட்டு வந்தவர்கள் வந்தபடி இருந்தார்கள், மொத்த வியாபாரியிடமும் கறுப்பு தீர்ந்துபோயிருந்தது. வெள்ளை மட்டும் அலமாரியில் அடுக்கிய அடுக்குக் கலையாமல் நின்றது. சோமனூரிலிருந்து வந்த ஒரு அண்ணனிடம் வெள்ளையிலும் இதே கேம்தான் இருக்கிறது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"எங்க பசங்க செட்டு மொத்தமும் கறுப்பு கண்ணு, சிடிய மாத்தி மாத்தி வெளையாடுவோம். இத வாங்கிட்டுப் போயி நான் யாருகூட வெளையாட?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்களிடம் வெள்ளைப் பெட்டி வாங்கியவர்களின் வீடுகளுக்கே சிடிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு சாயப்பட்டறைக்காரர் வீட்டம்மா உட்காரவைத்து முறுக்குக் கொடுத்து, அந்தப் பெட்டிக் கம்பெனியே போடும் கார் ரேஸுக்காகவும் குதித்தோடும் கேமுக்காகவும்தான் பிள்ளைகள் அதைக் கேட்டதாகவும், பந்து விளையாடப் பெரியவனிடம் கறுப்பு தனியாக இருப்பதாகவும் சொன்னார். போன வீட்டிலெல்லாம் கிட்டத்தட்ட இதே பதில்.

கடைசியில் ஒரு வெள்ளைச் சிடியின் உறையை நானே கீறி, கடையில் இருந்த பெட்டியில் போட்டேன். புல்தரை பச்சைச் சாயத்தைக் கொட்டியது மாதிரி மொழுக்கென்று இருந்தது, ஓடியவர்களெல்லாம் போன வருடத்து ஆட்டக்காரர்கள். வெள்ளைப் பெட்டிக்கு வலு குறைவு என்பதால் அதற்கென்று புதிதாக எதுவும் செய்யாமல் பழைய கேமையே அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் நின்று பார்த்த அப்பா, பழைய சரக்குக்குப் புது லேபிள் அடித்திருக்கிறார்கள் என்று முனகினார். பிறகு உறையை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தார்.

"துணியா இருந்தா தொட்டுப் பாத்திருப்பேன் கண்ணு" என்றார்.

அம்மா சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள், நான் பள்ளியில் ஒருவர் விடாமல் கேட்டேன். ஒன்றும் நகரவில்லை. பொங்கல் கழிந்து அப்பா எத்தியோப்பியாவுக்குக் கிளம்பினார். அழுது காலைக் கட்டிக்கொண்ட என்னைச் சமாதானப்படுத்த, "வெள்ளை எல்லாம் போயிருச்சுன்னா ஒரு வார்த்த சொல்லு கண்ணு, வந்தர்றேன்" என்றார். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பாதி விலைக்குக் கூவினேன், அதற்கும் கீழே இறங்கினேன். அடுத்த வருடம் புதிய கால்பந்து கேம் வந்ததும் எங்கள் சிடிகளைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட ஆளில்லை. மூட்டை கட்டிப் பரணில் போட்டோம். அப்பா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போகிறார்.

இப்போது நானே ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கேம்கள் பெரும்பாலும் சிடியாக வருவதில்லை, வீட்டிலிருந்தபடியே இறக்கிக்கொள்கிறார்கள். கீறுவதற்கு உறையும் இல்லை, வாசனையும் இல்லை. சில கேம்களில் கறுப்பு வைத்திருப்பவனும் வெள்ளை வைத்திருப்பவனும் அவரவர் பெட்டியிலிருந்தே எதிரெதிரே ஆடுகிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு யார் மேல் என்று தெரியாத ஆத்திரம் வந்தது.

போன மாதம் வீடு மாறும்போது அம்மா அந்த மூட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். நான் அப்பாவுக்குப் போன் செய்து, "வெள்ளை எல்லாம் போயிருச்சுங்கப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். அதற்கு மேல் குரலை உயர்த்தி, "ஆரு கண்ணு வாங்குனாங்க?" என்றார்.

எடைக்குப் போனதைச் சொன்னேன். அப்படியானாலும் சொன்ன சொல் சொல்தான், கிளம்பி வாருங்கள் என்றேன்.

"ஊட்டுல இருக்கறது எப்படின்னே எனக்கு மறந்து போச்சு கண்ணு" என்றார் அப்பா.