அண்ணாவின் பெயரில் ஓடியவர்

அப்பாவின் காபி டம்ளர் உதட்டுக்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. அறுபதுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் காலை. வெளியே பம்பாய் மாட்டுங்கா முழுக்க மழை. அப்பா இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், பொடி எழுத்தில் கல்லூரி ஃபுட்பால் மேச் முடிவுகள் போடும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா இருந்தபோது ஏற்பட்ட பழக்கம் அது. "என் கண்ணாடி சரியில்லை போலிருக்கு, நீ படி" என்று பேப்பரை என்னிடம் நீட்டினார். கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணா படித்த கல்லூரி ஜெயித்திருந்தது. அந்த ஒரே கோலை அடித்தவர் என்று இனிஷியலோடு அண்ணாவின் பெயர் இருந்தது. மஞ்சள் காமாலை முற்றி அண்ணா போய்ச் சேர்ந்து, பதிமூன்று நாள் காரியமும் முதல் மாசிகமும் முடிந்திருந்தன. சமையலறையிலிருந்து அம்மா, "யாரைப் பத்திடீ படிக்கறே?" என்று கேட்டாள். நான் பேப்பரை மடித்துவைத்தேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாருடைய பெயரை எழுதினேன் என்று எனக்கே நிச்சயமிருக்காது. இப்போது என் தங்கையின் பேரன், கல்லூரிக்காக விளையாடுகிற பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று போனில் யாரோடோ மணிக்கணக்கில் வாதம் செய்கிறான். கல்வி வேறு, காசு வேறு என்கிறது ஒரு கட்சி. டிக்கெட் விற்றால் பங்கு கொடு என்கிறது இன்னொரு கட்சி. கேட்டுக்கொண்டே காய் நறுக்குகிறேன். கல்லூரிகள் ஆள் பிடிப்பதை ஏதோ அமெரிக்காவில் நேற்று கண்டுபிடித்த மாதிரி பேசுகிறான் பாவம். எங்கள் காலத்தில் பம்பாயில் ஆள் பிடித்தார்கள். பெயரையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

அண்ணா ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பெஞ்சில் உட்காருகிறவர்களில் ஒருவன். ஆனால் ஆட்டக்காரர்களின் பெயர்கள் யுனிவர்சிட்டிக்குப் போனபோது அவன் பெயரும் போயிருந்தது, அந்த வருஷப் பீஸும் கட்டியாகிவிட்டது. அவன் செத்த சேதி ஆபீசுக்குப் போவதற்குள் பிசிகல் டைரக்டர் முந்திக்கொண்டார். தாராவியில் தோல் கிடங்கில் வேலை செய்துகொண்டே வெறுங்காலோடு பந்து ஆடிய ஒரு பையன் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். பையன் படித்தது எட்டாம் கிளாஸ்வரை. கல்லூரியில் சேர்க்க வழியில்லை. இந்தப் பக்கம் பெயர் இருந்தது, ஆள் இல்லை. அந்தப் பக்கம் ஆள் இருந்தார், பெயர் உதவாது. டைரக்டர் இரண்டையும் ஒட்டினார். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த மேச்சுக்கு அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தனியாகப் போகப் பயந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறிப் போய், ஒரே குடையின் கீழ் கோட்டோரம் நின்றோம். மைதானம் சேறாகிக் கிடந்தது, எதிர்ப்பக்கக் கோல் மழையில் சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் ஜெர்சி போட்ட ஒருவர் பந்தோடு எங்களைத் தாண்டி ஓடினார். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, நீல நூலில் ஒரு தையல். மஞ்சள் நூல் தீர்ந்துபோய் அம்மா நீல நூலால் தைத்த கிழிசல் அது. அண்ணா போனபிறகு கல்லூரிப் பியூன் வந்து வாங்கிப்போன ஜெர்சி. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் கத்த ஆரம்பித்தார்கள். கூட ஆடியவர்கள், கோட்டோரம் நின்ற மாணவர்கள், டைரக்டர், எல்லோரும் அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பெயர் மாறிப்போனால் எதிர்க் கல்லூரி மோப்பம் பிடித்துவிடும் என்று பழக்கிவைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லாமல் இருந்த நாட்கள் அவை. அங்கே ஒரு மைதானமே அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மேச் முடிந்து அந்த ஜெர்சிக்காரர் தனியாக ஒரு மரத்தடியில் முழங்கால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா நேரே போய், "உன் பேர் என்ன?" என்று கேட்டார். அவர் அண்ணாவின் பெயரைச் சொன்னார். "அப்பா பேர்?" அப்பாவின் பெயரைச் சொன்னார். "வீடு எங்கே?" மாட்டுங்காவில் எங்கள் கட்டடம், மாடி, கதவு எண், எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தார். எதிர்க் கல்லூரி புகார் செய்து யாராவது விசாரித்தால் சொல்வதற்காக டைரக்டர் மனப்பாடம் செய்யவைத்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்த அப்பா நான்தான்" என்றார்.

அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தேன். அப்படியே சேற்றில் உட்கார்ந்து அப்பாவின் காலைத் தொட்டார். "மன்னிச்சுருங்க சாமி. சொல்லச் சொன்னாவ, சொன்னேன். அந்தப் பையன் இருக்கானா செத்தானான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். திருநெல்வேலிப் பேச்சு. என்ன தருகிறார்கள் என்று அப்பா கேட்டார். இருந்திருந்து அப்பாவுக்குக் கேட்கத் தோன்றியது அதுதான். "மேச் அன்னைக்கு ரெண்டு வாழப்பழமும் ஒரு கிளாஸ் பாலும் குடுக்காவ சாமி. படிக்கிற பையன் துட்டு வாங்கப்பிடாதாம். அன்னைக்குக் கிடங்குல கூலியும் கிடையாது. சீசன் முடிஞ்சா வேல வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்காவ." படிக்காத பையனைப் படிக்கிற பையனாக்கியவர்கள், படிக்கிற பையன் என்பதால் காசு கிடையாது என்றார்கள். இதற்கு மேல் கெட்டிக்காரத்தனம் கிடையாது.

புகார் எழுதுவதாகத்தான் அப்பா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கோபப்படவில்லை. "நன்னா ஓடறானா?" என்று கேட்டாள். பிறகு, "மழையிலே ஓடினா ரொம்பப் பசிக்குமே" என்றாள். அடுத்த மாசிகத்துக்கு அவரை அழைத்து வரச் சொன்னாள். அப்பா புகார் எழுதவில்லை.

மாசிகம் என்பது செத்தவரின் திதியில் மாதாமாதம் செய்வது. செத்தவரின் இடத்தில் ஒரு பிராமணரை உட்காரவைத்து, அவர் வயிறு நிறைய, போனவர் வயிறு நிறைந்ததாக நம்புகிறோம். சாப்பிட்டு முடித்ததும் திருப்தியா என்று கேட்க வேண்டும், வேஷ்டியும் தட்சிணையும் கொடுத்து அனுப்ப வேண்டும். அன்றைக்கு அதெல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணாவின் இடத்தில் உட்கார்ந்தவர் சுகமாகச் சாப்பிட்டு, தட்சிணை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அவர் தெரு திரும்பியதும் அம்மா ஹாலில் இன்னொரு இலை போட்டாள். பாத்திரம் தேய்க்கிறவளைச் சமையலறை வாசலுக்கு இந்தப் பக்கம் நிறுத்துகிற அம்மா, தாராவியில் தோல் வேலை செய்கிற ஒருவரை உள்ளே உட்காரவைத்துத் தன் கையால் பரிமாறினாள். எங்கள் கட்டடத்தில் அது சின்ன விஷயமில்லை. எதிர்வீட்டு மாமி அன்றோடு எங்கள் வீட்டுக் காபியை நிறுத்திக்கொண்டாள். அவர் கூச்சத்தோடு சாப்பிட்டு எழுந்தபோது அம்மா கைகூப்பி, "திருப்தியா?" என்றாள். அவருக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாது. "வயிறு நெறஞ்சிட்டும்மா" என்று சிரித்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அவரைத் தவறாகப் புரிந்துகொண்டது அங்கேதான். வேறெந்த வீட்டிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காரலாம், சாப்பிட்டால் போய்ச் சேரும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிய கை அது. பிராமணர் மாதம் ஒரு தடவை வந்து உட்கார்ந்தார். இவர் வாரத்துக்கு இரண்டு முறை ஓடினார், கோல் அடித்தார், பேப்பரில் வந்தார். யார் இடத்தில் உட்கார்ந்தவர் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. மேச் முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. அம்மா அவரை அண்ணாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அண்ணாவின் சட்டைகளைக் கொடுத்தாள், அளவு சரியாக இருந்தது. படியில் ஈரக்கால் சத்தம் கேட்டால் எனக்கு ரோமம் சிலிர்க்கும். அம்மா எழுந்து ரசத்தைச் சூடு பண்ணுவாள். "கொழந்தை மேச்சுக்குப் போயிருக்கான்" என்று அவள் பால்காரனிடம் சொன்னதை நானே கேட்டேன்.

ஒரு நாள் படியிறங்கும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இங்கன வந்தாலும் அந்தப் பேரு, கிரவுண்டுலயும் அந்தப் பேரு. வீட்டுக்குப் போனா எங்கம்மை மட்டும் எம் பேரச் சொல்லுவா. அதுவரைக்கும் எனக்கே ஒரு மாதிரியா இருக்கும் தங்கச்சி." ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "அந்தம்மா மூஞ்சியப் பாத்துட்டு எப்படி வராம இருக்க?" என்றார். சாப்பாட்டுக்கும்தான் வந்திருப்பார். அதில் என்ன தப்பு?

சீசன் முடிந்ததும் வேலை வந்தது. டிராம்பே பக்கம் ஒரு கம்பெனி தன் டீமுக்கு ஆள் எடுத்தது. மாதச் சம்பளம், பிஎஃப், செம்பூரில் பிற்பாடு குவார்ட்டர்ஸ். அவர்களுக்கு வேண்டியது பேப்பரில் வந்த பெயர், அதற்குப் பள்ளிப் படிப்பு முடித்த எஸ்எஸ்சி சர்டிபிகேட். டைரக்டர் பேடா டப்பாவோடு எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். "செத்தவன் சர்டிபிகேட்டுக்கா வேலை? கால் இவனோடதுதானே, இவன் பேரிலேயே கொடுக்கச் சொல்லுங்கோ" என்றார் அப்பா. எட்டாம் கிளாஸ்காரனைக் கம்பெனி எடுக்காது, உண்மையைச் சொன்னால் கல்லூரி ஜெயித்த கோப்பை போகும், பையனைத்தான் மோசடிக்காரன் என்பார்கள் என்று டைரக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பையன் அடித்த கோல் ஒன்றுகூடச் சொந்தப் பெயரில் இல்லை. கூட வந்திருந்த அவர் கதவோரம் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள், இருமுகிற அப்பா. வேண்டுமென்று சொல்லவும் முடியாமல், வேண்டாமென்று சொல்லவும் முடியாமல் நின்றார். அம்மா உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். "என் பிள்ளை வேலைக்குப் போகட்டும்" என்றாள். அப்பா எழுந்து தடுத்திருக்கலாம். தடுத்துவிட்டு அவருக்கு என்ன சோறு போடுவது என்று யோசித்திருப்பார்.

முதல் சம்பளம் வாங்கியதும் அவர் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை. தலை நரைத்த, ஒல்லியான அம்மாள். எங்கள் வாசற்படி தாண்டாமல் நின்று, வெற்றிலைத் தட்டில் சம்பளக் கவரை வைத்து நீட்டினாள். "ஒங்க மவன் பேருல வந்த துட்டும்மா. மொதச் சம்பளம் பெத்தவ கைக்குப் போகணும்லா. நீங்க தொட்டுக் குடுங்க, நாங்க வாங்கிக்கிடுதோம்" என்றாள். அவளுக்குத் தோன்றிய மரியாதை அது. அம்மா கவரை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து, அண்ணாவின் பெயரைச் சொல்லி, "அவாளை வழியனுப்பிட்டு உள்ளே வாடா, இலை போட்டாச்சு" என்றாள்.

அம்மாவின் முகத்தில் கோணல் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தினமும் அண்ணாவிடம் பேசிய அதே குரல். அவர் எங்கள் வாசலுக்கும் தன் அம்மாவுக்கும் நடுவில் நின்றார். அவர் கால் ஒன்று வாசற்படியை நோக்கி நகர்ந்ததை நான் பார்த்தேன். பழக்கத்தில் நகர்ந்திருக்கலாம். அந்த அம்மாளும் பார்த்தாள். அவர் கையை எட்டிப் பிடித்தாள். "துட்ட நீங்களே வச்சுக்கிடுங்கம்மா" என்றாள், கும்பிடுகிற குரலில். "எம் புள்ளைய மட்டும் குடுத்துருங்க."

அப்பா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கவரை எடுத்தார். எங்கள் வீட்டு ஆண்கள் செய்யாத காரியமாக, வாசற்படிக்கு வெளியே போய் அந்த அம்மாளின் தட்டில் வைத்தார். "இது உங்க பிள்ளையோட கால் ஓடிச் சம்பாதிச்சது. எங்களுக்கு இதிலே ஒண்ணும் கிடையாது. அழைச்சுண்டு போங்கோ" என்றார். அவள் கும்பிட்டுவிட்டு மகனை அவர் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவு மாதத்தில் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர்கள் தெருவுக்கு இறங்கியதும் நான் பால்கனிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் அம்மா அங்கே இருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கீழே அவர் சட்டென்று நின்றார், கழுத்து திரும்பியது. அவர் அம்மா கையை விடவில்லை. காதருகே ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் தாராவிப் பக்கம் நடந்தார்கள். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள், தெருவே நிமிர்ந்து பார்க்கும்படி. அவர் நிற்கவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, "போய்ட்டானே, என் கொழந்தை போய்ட்டானே" என்று அழ ஆரம்பித்தாள். அண்ணா போன அன்றைக்கு அவள் அழுததாக எனக்கு நினைவில்லை.