பதினேழாம் இடத்துப் பச்சைத் தகடு

கணவன் தண்ணீரில் விழுந்து தத்தளிக்க, படகை ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டுத்தான் டோர்த்தெ திரும்பிப் பார்த்தாள் என்று மார்ஸ்தால் என்ற சிறு படகுத்துறையில் ஒரு பேச்சு உண்டு. சொல்கிறவர்கள் யாரும் நேரில் பார்த்தவர்கள் இல்லை. பெயிண்ட் கடைக்காரருக்குச் சாசேஜ் கடைக்காரி சொன்னது. அவளுக்கு யாரோ ஒரு ஜெர்மன்காரர் சொன்னது. கைமாறக் கைமாறக் கதை வளர்ந்து, இப்போது டோர்த்தெ நடுவில் ஒரு காப்பியும் குடித்துவிடுகிறாள்.

பாதிக்கு மேல் உண்மைதான். கணவன் பியார்னெ முன்கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, படகு மேடையை நெருங்கும் முன்பே வீரமாகத் தாவினான், போய்ச் சேரவில்லை. டோர்த்தெ முதலில் என்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். அடுத்து பின்கயிற்றைத் தூணில் மாட்டினாள். படகு இனி அவன்மேல் சாயாது என்று ஆனபிறகு ஏணியை இறக்கினாள். "பின்ன, சுத்துற என்ஜின் விசிறிய அவன் காலுக்குப் பக்கத்துல கொண்டு போகச் சொல்றியா?" என்பாள், கேட்கிறவர்களிடம். அதற்குப் பிறகும் சில வருடங்கள் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, இதற்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களுக்காகப் பிரிந்தார்கள். பியார்னெ இப்போது ஸ்வென்போர்க்கில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி ஊறவைத்த ஹெர்ரிங் மீன் அனுப்புவான். இந்தக் கதையை அவளைவிட நன்றாகச் சொல்வான்.

வாரநாட்களில் டோர்த்தெ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வயது அறுபத்திரண்டு. குட்டையான உருவம், வெயிலில் காய்ந்த கழுத்து, எந்தக் கோடையிலும் கழற்றாத நீலக் கம்பளித் தொப்பி. வசந்தம் பிறந்துவிட்டால் சனி ஞாயிறுகளில் அவள் இருக்குமிடம் துறைதான். படகை வாங்கிவிட்டு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு ஓட்டச் சொல்லித் தருகிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். கோடையில் தீவு தீவாகப் போக வேண்டும், போன இடத்தில் பொரித்த மீன் தின்றுவிட்டுப் படகிலேயே தூங்க வேண்டும். அதற்கு மேல் அவர்களுக்கு ஆசை இல்லை. கஷ்டம் கடலில் இல்லை, வந்து கட்டுவதில்தான் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பின்னால் இரண்டு மரத்தூண், முன்னால் மேடை, இரு பக்கமும் அடுத்தவன் படகு. அந்த இடுக்குக்குள் பக்கக்காற்றில் நுழைந்து நாலு கயிற்றையும் கட்டி முடிப்பதற்குள் முப்பது வருடக் குடும்ப வாழ்க்கை துறை முழுக்கக் கேட்டுவிடும்.

ஆகவே ஜோடியாக வருகிறவர்களை டோர்த்தெ முதல் நாளே பிரித்துவிடுவாள். இருவரில் யாருக்குப் பேச்சு அதிகமோ அவர் கீழே, படகின் அடுக்களைக்கு. அவர் கையில் ஒரு சிறிய கத்தியும் ஒரு வாளி உருளைக்கிழங்கும். தளத்தோடு படுக்கையாக இருக்கும் மேல்கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பேசாதவரைச் சுக்கானில் நிறுத்துவாள். "இது என்ன தண்டனையா?" என்று போன வருடம் ஒரு முன்னாள் வங்கி மேலாளர் கேட்டார். "இல்ல, ராத்திரிச் சாப்பாடு" என்றாள்.

அவள் கணக்கு எளிமையானது. தண்ணீரில் விழுவது எப்போதும் அதிகம் தெரிந்தவன்தான். அவன்தான் பாயை அவிழ்க்க முன்னால் ஓடுகிறான், அவன்தான் எட்டிப் பிடிக்கிறான், அவன்தான் தாவுகிறான். படகில் மிஞ்சுவது தெரியாதவர். ஆகவே தெரியாதவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

இதற்காக ஒரு பழைய ரப்பர் மிதவையில் வாளியைக் கட்டி வைத்திருக்கிறாள். துறைக்காரர்கள் அதற்கு பியார்னெ என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவளும் மறுக்கவில்லை. எப்போது போடுவாள் என்று சொல்ல முடியாது. ரை ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருக்கும்போதோ, யாராவது பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டும்போதோ பின்பக்கம் 'தொபுக்' என்று சத்தம் கேட்கும். "பியார்னெ விழுந்துட்டான்" என்பாள், மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி. உடனே ஒருவர் அவனை விரலால் சுட்டிக்காட்டியபடி நிற்க வேண்டும். கயிறு, பாய், என்ஜின் எதையும் அவர் தொடக்கூடாது. ஆளை அலைக்குள் தவறவிடாதிருக்க, கண்ணும் விரலும் மட்டும். "கை வலிக்குதா? அவனுக்கு அங்க குளிருது. இறக்காத."

இன்னொன்று, குதிக்கக் கூடாது. "குதிக்கணும்னா படகு இன்னும் வந்து சேரலன்னு அர்த்தம். வந்துட்டா ஒரு எட்டு வெச்சாலே போதும்." நாலு கயிறும் கட்டி முடிந்தால் சட்டைப் பையிலிருந்து உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்று எடுத்துத் தருவாள். பாராட்டு என்று அவளிடம் வேறு எதுவும் கிடையாது. மோசமாகக் கட்டியவர்களுக்கும் அதே மிட்டாய்தான். என்ன, அவர்களுக்குத் தரும்போது எதுவும் பேசமாட்டாள். கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று யார் கேட்டாலும் பதில் சொன்னதில்லை. "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்பாள். கிளம்புகிற முடிவைக் கிளம்புகிறவர்தான் எடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. கண்ணாடிக் கடையில்கூட எந்த ஃப்ரேம் நன்றாக இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் அதே பதில்தான்.

ஃபிளெம்மிங், சோல்வை தம்பதி போன கோடையில் வந்தார்கள். ஃபிளெம்மிங் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தோள்பட்டையும் சிரிப்பும் பெரியவை. சோல்வை மருந்துக் கடையில் இருந்தவள். வாய் திறந்தால் பாதி வாக்கியம்தான் வரும். படகு அவனுடையது. 'ஸ்வாலெ' என்று ஒரு பழைய வெள்ளைப் படகு, அதைவிடப் பழைய என்ஜின். உருளைக்கிழங்கு வாளி அவன் கைக்குப் போனது. ஆனாலும் சாத்திய கதவுக்குள்ளிருந்து, "இடது பக்கம் பாரு, சோல்வை! தூணு, தூணு!" என்று தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். டோர்த்தெ கதவின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது வாரம், அவன் சாசேஜ் வாங்கப் போயிருந்தபோது, சோல்வை கயிற்றைச் சுருட்டியபடியே சொன்னாள்.

"நான் ஊர் சுத்த வரல. அவனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. நடுக்கடல்ல அவன் விழுந்துட்டா... இல்ல, படகுக்குள்ளயே விழுந்துட்டா..."

"திருப்பிக் கொண்டுவரணும்."

"ம்."

"எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. யாரும் சொல்றதில்ல."

இந்த வசந்தத்தில் படகோட்டத் தகுதித் தேர்வு நடந்தது. சோல்வை மூச்சுவிடாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஃபிளெம்மிங் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் தேர்வாளர் கண்ணெதிரே மேடைக்குத் தாவினான். ஈரமாகவில்லை, தேறவும் இல்லை. அன்றிலிருந்து மனைவியை 'கேப்டன் அம்மா' என்று கூப்பிடுகிறான். சிரிப்பு பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்னைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

போன புதன்கிழமை சோல்வை கடைக்கு வந்தாள். கண்ணாடித் திருகு லூசாகிவிட்டதாம். டோர்த்தெ வாங்கிப் பார்த்தாள். திருகு நன்றாகவே இருந்தது. இருந்தாலும் ஒரு முறுக்கு முறுக்கினாள்.

"ஜெர்மன் கரைக்கு ஒரு நடை போயிட்டு வரலாம்னு. ஞாயித்துக்கிழமை திரும்பிடுவோம்" என்றாள் சோல்வை. "போலாமா?"

பின்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். சோல்வையின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. டோர்த்தெ கண்ணாடியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

"போ."

யாருக்கும் சொல்லாத அந்த ஒரு சொல்லைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டோர்த்தெ மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் சோல்வையிடமிருந்து செய்தி வந்தது: ஜெர்மன் கரையிலிருந்து கிளம்பிவிட்டோம். முற்பகலில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. அவர்கள் முகத்துக்கு நேர் எதிரே. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டியவர்கள், மாலைக் காப்பிக்கும் வரவில்லை. டோர்த்தெ புது ஜோடி ஒன்றுக்குப் பாடம் எடுத்தாள். அன்றைக்கு பியார்னெ வழக்கத்தைவிட அதிகம் விழுந்தான். பாடம் முடிந்ததும் துறை அலுவலக ரேடியோவில் 'ஸ்வாலெ'யைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. ரேடியோ இரைச்சல் காதைக் கிழிக்கிறது என்று ஃபிளெம்மிங் எப்போதும் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவான். கடல் மீட்பு நிலையத்துக்குப் பேசினாள். அங்கிருந்தவன் பதற்றமில்லாமல் படகின் பெயரையும் நிறத்தையும் கேட்டுக்கொண்டு, இன்று எதிர்க்காற்றில் எல்லாருமே தாமதம்தான், இருட்டும் முன் மறுபடி கூப்பிடு, அதற்குள் அந்தப் பக்கம் போகிற படகுகளிடம் சொல்லி வைக்கிறேன் என்றான். அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஜூலை மாதம். இருட்ட இன்னும் நேரம் இருந்தது.

துறைப் பொறுப்பாளர் போல்-எரிக் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "என்ன, உன் கோழிக்குஞ்சுங்க இன்னும் அடையல போல?"

"காத்து எதிர்ல. என்ஜின் கிழடு. மெதுவா வருது."

"ஃபிளெம்மிங் பியரு தீர்ந்தா தானா வருவான்."

அவள் சிரிக்கவில்லை. அவன் சைக்கிள் மணியை ஒருமுறை காரணமில்லாமல் அடித்துவிட்டு, அலுவலகத்தில் விளக்குப் போட்டு வைக்கிறேன் என்று போய்விட்டான்.

போனில் சோல்வையின் எண்ணை மறுபடி அழுத்தினாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. இதையும் அவளேதான் சொல்லிக் கொடுத்தாள்: சுக்கானைப் பிடித்திருக்கும்போது போன் இழுப்பறைக்குள் இருக்க வேண்டும், எவன் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது. நல்ல மாணவி எடுக்கமாட்டாள். மணி போகிறது என்றால் போன் நனையவில்லை. நனையவில்லை என்றால் இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறையில் இருக்கிறது என்றால் சோல்வை சுக்கானில் இருக்கிறாள். சரி, ஃபிளெம்மிங் எங்கே இருக்கிறான்? அவனால் போனை எடுக்க முடியாதா? இந்த இடத்துக்கு வந்ததும் கணக்கை முதலிலிருந்து தொடங்குவாள்.

நடந்துகொண்டே பதினேழாம் இடத்துக்கு வந்துவிட்டாள். 'ஸ்வாலெ'யைக் கட்டும் இடம். இரண்டு தூணுக்கு நடுவில் தண்ணீர் சும்மா அசைந்துகொண்டிருந்தது. மேடைக் கம்பத்தில், ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் சிவப்புமாகத் திருப்பக்கூடிய உள்ளங்கை அகலத் தகடு பச்சையைக் காட்டியது. இராத்தங்கலாகப் போகிறவர்கள் பச்சையைத் திருப்பிவிட்டுப் போவார்கள். வருகிற விருந்தாளிப் படகு கட்டிக்கொள்ளலாம். இடத்துக்காரர் திரும்பி வந்தால் சிவப்பு. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. போன ஆகஸ்டில் ஒருத்தன் நண்பனுக்கு இடம் பிடிக்க அடுத்தவர் தகட்டைச் சிவப்பாக்கியபோது, டோர்த்தெதான் போய்ப் பச்சைக்கு மாற்றிவிட்டு, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கே போய்ச் சத்தம் போட்டாள். அந்த இடம் காலியா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பதினேழின் தகட்டுக்கு ஆணி தேய்ந்துபோய், பலமான காற்றில் தானாகப் புரளும். மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று ஃபிளெம்மிங் ஈஸ்டரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

காற்றுக்கு ஒதுங்கப் படகுகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு நீண்ட ஜெர்மன் படகு மெதுவாகத் திரும்பி, பதினேழுக்கு நேராக மூக்கை வைத்தது. முன்னால் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் கையில் கயிற்றோடு, முழங்காலை மடக்கி, குதிக்கத் தயாராக நின்றார்.

டோர்த்தெ போனைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றக் கையை உயர்த்தினாள். "இங்க இல்ல. அந்த மஞ்சள் படகோட ஒட்டிக் கட்டிக்கோ. அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"ஆள் வர்றாங்களா?"

"வர்றாங்க."

அவர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். துறை வாய்க்கு அப்பால் சாம்பல் நிறத் தண்ணீர்தான் தெரிந்தது. பிறகு கம்பத்தைக் காட்டினார்.

"பச்சை போட்டிருக்கே?"

காதில் மணி போய்க்கொண்டே இருந்தது. டோர்த்தெ குனிந்து கட்டைவிரலால் தகட்டைத் தள்ளினாள். சிவப்பு வந்தது. கையை எடுத்ததும் காற்று அதைத் திரும்பப் பச்சைக்குப் புரட்டியது. மறுபடி தள்ளினாள். இந்த முறை கையை எடுக்காமல், சிவப்பின் விளிம்பைக் கம்பத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.