நாலாய் மடித்த சீட்டு

எங்கள் பாஸ்டருக்கு டெஸ்டர் பாஸ்டர் என்று பெயர் வைத்ததே நான்தான். ஊழியத்துக்கு வருவதற்கு முன் பத்து வருடம் கரண்ட் வேலை பார்த்தவர். இன்றைக்கும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் இருக்கும். ஜெபம் பண்ண ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண் போவது சுவிட்ச் போர்டுக்குத்தான். "இது ஷாக் அடிக்குமே, இப்படியா விடுவீங்க?" என்று ஸ்டூலைக் கேட்பார். ஜெபமெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்குப் பாடகர் குழுவில் வைத்திருக்கும் பெயர் பட்டாசு. வைத்தவர்களை நான் சும்மா விடவில்லை, அது வேறு கதை. பதினொரு வருடமாகச் சபை அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். கமிட்டி கூடினால் குறிப்பு எழுதுவதும் நான்தான். இந்தப் பாஸ்டரிடம் எனக்கு ஒரே குறை, மனுஷனுக்குக் கோபமே வராது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் "சரிக்கா, தண்ணி குடிங்க" என்பார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

சபை வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. கவலை உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள். விரித்தபடி போட்டால் ஞாயிறு ஆராதனையில் சத்தமாக வாசித்து எல்லோரும் ஜெபிப்போம். நாலாய் மடித்துப் போட்டால் அது பாஸ்டர் கண்ணுக்கு மட்டும். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து இரண்டையும் தனித்தனியாக வைப்பது என் வேலை.

அந்தச் சனிக்கிழமை பாடகர் குழுத் தலைவியோடு மைக் விஷயமாக எனக்குப் பெரிய சண்டை. தலை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரம் கசங்கிய சீட்டுகளை வாசிக்க முடியாமல் பாஸ்டர் திணறியதும் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் நீவி அடுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோபத்தில் கை போன போக்கில் மடித்தது, விரித்தது எல்லாவற்றையும் நீவி ஒரே கட்டாக்கித் தடிப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரு சீட்டில் நூல் வேறு தொங்கியது. "குப்பையையும் சேர்த்துப் போடறாங்கப்பா" என்று பிடுங்கி எறிந்தேன்.

மறுநாள் பாஸ்டர் வாசித்தார். நாலாவது சீட்டு இது: "எனக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. தடவித் தடவித்தான் பட்டன் தைக்கிறேன். கடையில் இன்னும் சொல்லவில்லை." அதோடு நிறுத்திவிட்டார். விஷயம் புரிவதற்குள் அவர் வாய் முந்திவிட்டது.

எங்கள் சபையில் பட்டன் தைத்துப் பிழைப்பவர் ஒருவர்தான், ஊசி அக்கா. கணவர் இல்லை. ஒற்றை அறை வீடு, படிக்கிற மகள். அவர் வேலை பார்க்கும் தையல் கடையின் முதலாளியோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். ஊசி அக்கா எழுந்து வெளியே போனார். முந்தின நாள் நான் பிரித்து நீவிய சீட்டு அது.

திங்கட்கிழமை காலையில் அக்காவுக்கு வேலை போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. அதில் அதிகமாகக் குதித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அக்காவை வேலையை விட்டு நிறுத்திய அதே முதலாளிதான். "மடிச்ச சீட்டைப் பிரிச்சது யாரு? அதை முதல்ல சொல்லுங்க!" குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது.

பாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்க வேண்டியது என் வேலை. பார்க்கல. தப்பு என்னுது."

"பிரிச்சது யாருன்னு கேட்டேன்."

"அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்யா. எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நானும் ஒண்ணு கேட்கணும். கண்ணு தெரியலைன்னு ஒரு அம்மா ஜெபத்துக்கு எழுதிப் போட்டாங்க. நாம பண்ணினது என்ன? டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டும், அதுவரைக்கும் அவங்க இடத்தை வேற யாருக்கும் குடுக்காதீங்க."

முதலாளி ரொம்ப நேரம் இருமினார். "பார்க்கலாம்" என்றார்.

பாஸ்டர் ஒரு மாதம் பிரசங்கம் செய்யக் கூடாது என்று தீர்மானம் ஆனது. "போதகர் தவறை ஒப்புக்கொண்டார்" என்று நானே எழுதினேன். ஒப்புக்கொள்ள வேண்டியவள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

மறுநாள் அவர் மேலேயே பாய்ந்தேன். "என்ன பெரிய தியாகி மாதிரி? என் பேரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"உங்க பேரை நான் எங்கேயும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா உங்களுக்காக நான் போய் மன்னிப்பு கேட்கவும் மாட்டேன். என் தப்புக்கு நான் கேட்டாச்சு." அன்றைக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வேறொருவர் வந்து ஒன்றரை மணி நேரம் அறுத்தார். பாஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டு, ஒழுங்காகக் கேட்டார். அந்த வாரமே ஊசி அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவரே வரிசையில் நின்றார். ஒரு கண்ணில் புரை, ஆபரேஷன் செய்தால் தெளிந்துவிடும். இன்னொரு கண் இப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒரு கண்ணு போதும், வரட்டும்" என்று முதலாளியும் இறங்கி வந்தார்.

எனக்குத்தான் பத்து நாளாக ஒரு தெருவைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வாய் மட்டும் பட்டாசு. பதினோராவது நாள் மத்தியானம் போய்விட்டேன்.

அக்கா ஜன்னல் பக்கம், பக்கத்து வீட்டுச் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அக்கா, அந்தச் சீட்டைப் பிரிச்சது நான்தான்" என்றேன், வாசலில் நின்றபடியே.

"தெரியும்."

"பாஸ்டர் சொன்னாரா?"

"அவரா? அன்னைக்கே வந்து அழுதாரு. யாரு பிரிச்சதுன்னு கேட்டதுக்கு, வாசிச்சவன் நான், என்னைத் திட்டுங்கன்னாரு. பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதா? யாரும் பிரிக்கக் கூடாதுன்னு சீட்டுல ஒரு தையல் வேற போட்டிருந்தேன்."

நான் பிடுங்கி எறிந்த நூல். அவ்வளவு மங்கிய கண்ணை வைத்துக்கொண்டு போட்ட தையல். அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

"மன்னிச்சிடுங்க அக்கா. கமிட்டியிலயும் சொல்லிடறேன். பாஸ்டர் மேல பழி இருக்கக் கூடாது."

"சொல்லு. எனக்குக் கோபம் இன்னும் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்." ஊசியை என் பக்கம் நீட்டினார். "முதல்ல இதுல நூலைக் கோத்துக் குடு. அரை மணி நேரமாப் போராடறேன்."

நுனியை எச்சில் தொட்டு நீவினேன். மூன்றாவது தடவைதான் நூல் காதுக்குள் போனது. அக்கா வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கும் வா" என்றார். "ஆபரேஷன் வரைக்கும் தினம் பத்து ஊசி கோத்து வெச்சிட்டுப் போ."

"வர்றேன் அக்கா" என்றேன்.