அக்கா செய்த போணி

விழுப்புரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. லேஸ், கொக்கி, பட்டன், லைனிங் துணி வாங்க மாதம் ஒருமுறை சென்னைக்குப் போவேன். இங்கேயே கிடைக்காதா என்று வீட்டுக்காரர் கேட்பார். கிடைக்கும்தான். ஆனால் ரங்கநாதன் தெருவில் இடிபட்டு, மிதிபட்டு, நாலு பேரிடம் வாயாடி வாங்கி வந்தால்தான் எனக்கு வாங்கின மாதிரி இருக்கும்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் வரச் சொன்னேன். அவள் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். மாமா மாரடைப்பில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் போனதிலிருந்து அவள் காலை நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. காரணத்தை எனக்குச் சொல்லவே பல மாதம் ஆயிற்று. தீப்பெட்டி வாங்க ஒருநாள் விடிந்ததும் மளிகைக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர், "இன்னும் போணி ஆவலம்மா, கொஞ்சம் அப்பறம் வாங்க" என்றாராம். நாளின் முதல் வியாபாரம் தாலியறுத்தவள் கையால் நடந்தால் அன்றைக்குக் கடை விளங்காது என்று அவருக்கு எண்ணம். வேறொரு ஆள் வந்து வாங்கும் வரைக்கும் இவள் ஓரமாக நின்றிருக்கிறாள். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வந்து நாலு வார்த்தை கேட்கிறேன் என்று குதித்தேன். "விடு பாப்பா, அவரு பொழப்பு அவருக்கு" என்று அடக்கிவிட்டாள். கடைக்காரர் சொன்னதைவிட, இவள் அதை ஒப்புக்கொண்டதுதான் என்னை அதிகம் அறுத்தது.

நான் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினேன், அவள் திண்டிவனத்தில் ஏறினாள். தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறி மாம்பலத்தில் இறங்கினோம். பெரிய கடைகள் இன்னும் திறக்கவில்லை. தெருவோரக்காரர்கள் அப்போதுதான் மூட்டையைப் பிரித்து விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிளாஸ்டிக் தாள் விரித்து டீ வடிகட்டி, தோல் சீவுகிற கத்தி, இடுக்கி என்று சமையலறைச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். அக்கா குனிந்து ஒரு வடிகட்டியை எடுத்துப் பார்த்தாள்.

"எடுத்துக்கோக்கா. மொத போணி, நீயே பண்ணிட்டுப் போ."

அக்கா சட்டென்று வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். "பாப்பா, நீ காசு குடு."

நான் போனை எடுத்தேன். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "போணிக்கு போன்ல வாணாம்க்கா. அப்பறம் எவ்ளோ வேணா அதுல போடு. மொத காசு கையில வாங்கணும்."

என்னிடம் சில்லறை இல்லை, எப்போதும் போன்தான். அக்காவின் சுருக்குப் பையில் மட்டும்தான் நோட்டு இருந்தது. "குடு அக்கா, பேஜாரு பண்ணாத" என்றேன். அவள் நோட்டை எடுத்துத் தாளின் ஓரமாகக் கீழே வைத்தாள். "கையில குடுக்கா!" என்று அந்தப் பெண் உள்ளங்கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் அக்கா கொடுத்தாள். அந்தப் பெண் அதைக் கண்ணில் ஒற்றி, சாமான்கள் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. லேஸ் கடையில் நான் பேரம் பேசும்போது பக்கத்தில் நின்று, "அவங்களுக்கு ஓடுதோ இல்லியோ" என்றாள். சாப்பிடும்போது, "உண்மையச் சொல்லியிருக்கணும்" என்றாள். சாயங்காலம் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனேன். சின்ன வயதில் அந்த ராட்டினத்தைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம், ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று பேர், கூட்டமே இல்லை, வரிசையில் நிற்காமல் ஏறினோம். உச்சியில் போய் நின்றது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர் முழுக்க விளக்கு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் நிதானமாக என்னைப் பார்த்து, "அந்தம்மாவுக்கு இந்நேரம் வித்துப் போயிருக்குமா?" என்று கேட்கிறாள்.

"ஐயோ, உன்னைக் கட்டிக்கினு அழுவணுமா நான்? காசு குடுத்து ஏறியிருக்கோம், கீழ பாரு!"

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம் பாப்பா."

அப்பளம்கூட வாங்கித் தின்னாமல் ரங்கநாதன் தெருவுக்கே திரும்பினோம். வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பயம். அந்தப் பெண்ணுக்கு நன்றாக விற்றிருக்க வேண்டும் என்று, கும்பிடாத சாமியையும் கும்பிட்டேன். விற்காமல் போயிருந்தால் இவள் இனி வாசற்படியே தாண்டமாட்டாள்.

விற்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. காலையில் அடுக்கிய குவியல் அப்படியே இருந்தது. அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா பாப்பா" என்றாள் அக்கா. நான் கையைப் பிடித்து இழுத்தேன், வந்துவிடு, போகலாம் என்று. அவள் உதறிவிட்டு நேராக அந்தப் பெண் முன்னால் போய் நின்றாள்.

"காலையில போணி பண்ணது நான்தாங்க. எனக்கு வீட்டுக்காரரு இல்ல. நான் பண்ணியிருக்கக் கூடாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

"இன்னாக்கா பேசறே நீ? உன் நெத்திய காலையிலயே பாத்தேனே, எனக்கு கண்ணு இல்லியா? இன்னிக்கு மேட்சு. அத்தன பேரும் டிவி முன்னாடி குந்திக்கினு கீறானுங்க. தெருவுல ஈ காக்கா இல்ல, உனக்குத் தெரியல? நேத்து போணி பண்ணது யாரு தெரியுமா? புதுப் பொண்ணு. மஞ்சக் கயிறு ஈரம்கூட காயல. அவ போன கையோட இங்க பைப் ஒடைஞ்சு தெருவெல்லாம் தண்ணி. அரை நாளு கடையே போடல. அவ மேல கேஸு போடறதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அந்தப் பெண் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"வந்தது வந்தே, ஒரு ஒதவி பண்ணு. செத்த நேரம் கடையில குந்து. காலையிலேந்து பாத்ரூம் போகாம அடக்கிக்கினு கீறேன், பாத்துக்க ஆளில்ல. ஜல்தியா வந்துடறேன்." விலைகளை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஸ்டேஷன் பக்கம் ஓடினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் உட்கார்ந்திருந்த, கவிழ்த்துப் போட்ட டப்பாவின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். சாய்ந்து கிடந்த வடிகட்டிகளை நிமிர்த்தி வைத்தாள். ரயிலுக்குப் போகிற ஒரு வயசான அம்மா நின்று விலை கேட்டார். அக்கா சொன்னாள். அவர் குறைத்துக் கேட்டார். எங்கள் அக்கா குறைக்கவில்லை. மல்லாட்டை விற்றுப் பழகினவள் அல்லவா, விடுவாளா! அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே நோட்டை நீட்டினார். அக்கா கையை நீட்டி வாங்கினாள்.

அதற்குப் பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, "வாங்கம்மா, வாங்க, வடிகட்டி பாருங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மாமா போனதிலிருந்து அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்துக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றிருந்தேன்.

"இன்னா பாப்பா வேடிக்கை பாத்துக்கினு நிக்கறே? நீயும் கூப்பிடு."

கூப்பிட்டேன். குரல் பாதிதான் வந்தது.